கறுப்பு மால்ட் போத்தலை வெளிநாட்டில் தேடுகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் லண்டனில் ஒரு தமிழ் மளிகைக் கடையில் பதினொரு வருடம் வேலை செய்தேன். கடை எங்கள் ஆட்களுடையது. ஆனால் உள்ளே வந்த சனத்தில் பாதிப்பேர் கானாவையும் நைஜீரியாவையும் ஜமேக்காவையும் கொலம்பியாவையும் சேர்ந்தவர்கள். அரிசி மூட்டைக்கும் கறித்தூளுக்கும் குறையாமல் அங்கே விற்றது கறுப்பாக, இனிப்பாக, நுரை தள்ளும் மால்ட் போத்தல். வெறி தராத பானம், பிள்ளைகளும் குடிக்கலாம். நான் கடையை விட்ட பிறகும் பழைய வாடிக்கையாளர்களும் வேறு நாடுகளுக்குப் போன சொந்தக்காரரும் "இங்கே அது எங்கே கிடைக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னவற்றைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

இது பியரா, சோடாவா?

பியர் காய்ச்சும் வேலையைப் பாதியில் நிறுத்தினால் கிடைப்பது இது. பார்லியை ஊறவைத்து, முளைக்க விட்டு, முளை நீளும் முன்னரே சூட்டில் காயவைப்பார்கள். அப்படிக் காய்ந்த தானியம்தான் மால்ட். நாங்கள் குரக்கனை முளைகட்டிக் காயவைத்து மா அரைப்பது மாதிரியே. முளைக்கும்போது தானியத்துக்குள் நொதிகள் உண்டாகும். பிறகு அதை உடைத்து 65 பாகை அளவு சூடான தண்ணீரில் ஊறவிட்டால், அந்த நொதிகள் மாப்பொருளைச் சீனியாக மாற்றிவிடும். வடித்தெடுத்த இனிப்புத் தண்ணீரை, பியருக்குக் கைப்புத் தரும் ஹொப்ஸ் என்ற பூவோடு கொதிக்க வைப்பார்கள். இதுவரைக்கும் பியருக்கும் இதற்கும் ஒரே வேலை. பியர் என்றால் இந்த இடத்தில் ஈஸ்ட் போட்டுப் புளிக்க விடுவார்கள். மால்ட் பானத்துக்கு அது இல்லை. குளிரவைத்து, வாயு ஏற்றி, போத்தலில் அடைத்து, சூடாக்கிக் கிருமி நீக்கி அனுப்பிவிடுவார்கள். நிறையத் தயாரிப்புகளில் சீனியோ மக்காச்சோளப் பாகோ சேரும், நிறத்துக்குக் கரமலும் சேரும்.

ருசியைக் கேட்டால், கித்துள் பாணியைச் சோடாவில் கரைத்த மாதிரி. அதோடு பாணின், அதாவது பிரெட்டின், கருகிய ஓரத்து வாசனை. தொண்டையில் இறங்கும்போது ஹொப்ஸின் சின்னக் கைப்பு.

ஹோர்லிக்ஸ், நெஸ்டமால்ட் எல்லாமும் மால்ட்தானே?

மூலப்பொருள் ஒன்று, பானம் வேறு. ஹோர்லிக்ஸ் என்பது முளைப்பார்லி, கோதுமை, பால் சேர்த்துக் காயவைத்த தூள். ஹோர்லிக் சகோதரர்கள் 1873இல் அமெரிக்காவில் அந்தத் தொழிலைத் தொடங்கினார்கள். நெஸ்டமால்ட்டும் அதே வகைதான், சுடுநீரிலோ பாலிலோ கரைத்துக் குடிப்பது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை ஒரு கானா அம்மா வந்து "மால்ட் இருக்கா?" என்று கேட்டார். ஹோர்லிக்ஸ் ரின்னை எடுத்துக் கொடுத்தேன். அவர் கோபிக்கவில்லை. அடுத்த நாள் வீட்டிலிருந்து ஒரு வெற்றுப் போத்தலைக் கொண்டுவந்து, "மகனே, இதுதான் மால்ட். மேரியின் ஞானஸ்நானத்துக்கு ஆறு பெட்டி வேணும்" என்றார். மால்ட் என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை நாட்டில் எத்தனை பொருள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதன் சொந்த ஊர் எது?

ஒரே ஒரு ஊரைச் சொல்ல முடியாது. தேடுகிறவருக்கு இது முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எந்தச் சனம் எங்கிருந்து எங்கே போனது என்று தெரிந்தால், போத்தல் எங்கே இருக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

தொழில்முறையில் பார்த்தால் ஜேர்மனியில் தொடங்கலாம். அங்கே பேச்சில் மால்ஸ்பியர் என்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதால் கிண்டர்பியர், அதாவது பிள்ளைகளின் பியர், என்றும் ஒரு பெயர் உண்டு. ஆனால் போத்தலில் பெரும்பாலும் 'மால்ஸ்ட்ருங்க்' என்றுதான் அச்சடித்திருக்கும். பியரில் என்ன சேரலாம் என்று அங்கே கடுமையான பழைய விதி ஒன்று இருக்கிறது. சீனி சேர்த்த பானத்தைப் பியர் என்ற பெயரில் விற்க அது இடம் கொடுப்பதில்லை. விட்டாமால்ட்ஸ், காராமால்ட்ஸ் இரண்டும் அங்கே சாதாரண சுப்பர்மார்க்கெட்டிலேயே இருக்கும்.

பியர் காய்ச்சத் தெரிந்த ஜேர்மன்காரர்கள் கடல் தாண்டிப் போன இடங்களில் இதுவும் வேர் பிடித்தது. கொலம்பியாவின் பவாரியா மதுவாலையை 1889இல் தொடங்கிய லியோ கோப் ஜேர்மனியிலிருந்து போனவர். அந்த ஆலையிலிருந்து 1953இல் வந்த போனி மால்டாவைக் குடிக்காமல் வளர்ந்த கொலம்பியப் பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வெனிசுவேலாவில் மால்டின் போலார். புவெர்ட்டோ ரிக்கோவில் மயாகுவேஸ் நகரத்து ஆலையின் மால்டா இந்தியா. பெயரைப் பார்த்துவிட்டு எங்கள் ஆட்கள் பலர் இந்தியாவில் செய்தது என்று நினைக்கிறார்கள். அந்த 'இந்தியா' அமெரிக்கப் பழங்குடிப் பெண்ணைக் குறிக்கும் ஸ்பானியச் சொல். அதேபோல் 'மால்டா' என்பதற்கும் மத்தியதரைக் கடலில் உள்ள தீவுக்கும் தொடர்பில்லை, ஸ்பானிய மொழியில் மால்ட்டுக்கு அதுதான் சொல். கியூபாவில் மால்டா ஹாத்துவேய் என்று ஒன்று இருந்தது. ஸ்பானியரை எதிர்த்துப் போராடி 1512இல் எரித்துக் கொல்லப்பட்ட, கரீபியன் பழங்குடியான தாயினோ இனத் தலைவரின் பெயர் அது. புரட்சிக்குப் பிறகு 1960இல் அரசு ஆலைகளை எடுத்துக்கொண்டது. கியூபாவை விட்டு வெளியேறியவர்களுக்காக அந்தப் பெயர் மயாமியில் திரும்ப உயிர்பெற்றது. ஊரை இழந்த சனம் ஒரு போத்தலின் பெயரை இப்படிக் காப்பாற்றி வைத்திருப்பது எங்களுக்கு நன்றாகவே விளங்கும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் இது இன்னும் பெரிய விஷயம். நைஜீரியாவில் மால்டினா 1976இல் வந்தது. பிறகு மால்டா கின்னஸ், ஆம்ஸ்டெல் மால்டா என்று வரிசையாக வந்தன. முஸ்லிம்களும் மது தொடாத கிறிஸ்தவ சபைக்காரரும் ஒரே பந்தலில் உட்காரும் ஊர்கள் அவை. கல்யாணமோ பெயர்சூட்டலோ செத்தவீடோ, எல்லோர் கையிலும் கொடுக்கக்கூடிய பானம் இது. லண்டனில் கானாக்காரரின் செத்தவீட்டுச் சடங்கென்றால் எங்கள் கடையிலிருந்து பெட்டி பெட்டியாகப் போகும்.

பிறகு முஸ்லிம் நாடுகளின் வரிசை. சவூதியில் பார்பிக்கனும் மூஸியும். ஈரானில் 'மாவுஷ்ஷயீர்', அதாவது பார்லித் தண்ணீர். எகிப்தில் 1997இல் வந்த ஃபைரூஸ். ஐஸ்லாந்தையும் விட்டுவிடக் கூடாது. 1989 மார்ச் 1 வரைக்கும் அங்கே பியருக்குத் தடை இருந்தது. ஆனால் கறுப்பு மால்ட் பானம் அதற்குப் பல காலம் முன்பிருந்தே உண்டு. நத்தாருக்கு அதை ஒரேஞ்ச் சோடாவோடு கலந்து மேசையில் வைப்பார்கள்.

கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது?

யாருடைய கடை என்று பார்த்துக் கேளுங்கள். ஆப்பிரிக்கக் கடையில் 'மால்ட்' போதும். ஸ்பானியம் கதைக்கிற கடையில் 'மால்டா'. ஜேர்மனியில் 'மால்ஸ்பியர்' என்றால் உடனே விளங்கும். அரபுக் கடையில் 'ஷராப் ஷயீர்', ஈரானியர் கடையில் 'மாவுஷ்ஷயீர்'. இஸ்ரேலியச் சாமான் விற்கும் யூதர் கடையில் நெஷர் மால்ட் இருக்கும். அங்கே 'பீரா ஷ்ஹோரா', அதாவது கறுப்பு பியர் என்று கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் கவனம். அங்கே சுப்பர்மார்க்கெட்டில் போய் 'மால்ட் பெவரேஜ்' என்று கேட்டால் மதுப் பகுதியைத்தான் காட்டுவார்கள். அமெரிக்கச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்குப் பியர் வகை மது என்றுதான் பொருள். எலுமிச்சை, பழச்சாறு வாசனையோடு வண்ண வண்ணமாக இருக்கும் பல போத்தல்களில் 'ஃபிளேவர்ட் மால்ட் பெவரேஜ்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அவற்றில் பெரும்பாலும் 5 வீதம் அளவு மது இருக்கும். 'மால்ட் லிக்கர்' அதைவிடக் கடுமை. டொரன்டோவிலிருந்து நியூ ஜெர்சிக்குப் போன என் மைத்துனர் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு இப்படி ஒரு பெட்டி வாங்கி வந்துவிட்டார். காசாளர் அடையாள அட்டை கேட்டபோதுகூட அவருக்கு யோசனை வரவில்லை. நல்ல காலம், திறக்கும் முன் அக்கா எழுத்தைப் பார்த்துவிட்டார். அமெரிக்காவில் 'மால்டா' என்ற சொல்லையே சொல்லுங்கள். குளிர்பானத் தட்டில் இருப்பதை எடுங்கள், பியர் தட்டில் இருப்பதை விடுங்கள்.

லண்டனில் எந்தப் பக்கம் போக வேண்டும்?

பெரிய சுப்பர்மார்க்கெட்டில் 'உலக உணவு' என்று ஒரு தட்டு இருக்கும். ஆப்பிரிக்க, கரீபியன் சனம் அதிகம் இருக்கும் பகுதியென்றால் அங்கேயே சூப்பர்மால்ட் கிடைக்கும். சூப்பர்மால்ட், விட்டாமால்ட், பவர்மால்ட் மூன்றும் டென்மார்க்கின் ரோயல் யூனிபிரூ நிறுவனத்துடையவை. பெயரைப் பார்த்தால் ஆப்பிரிக்கா என்று தோன்றும், காய்ச்சுவது ஐரோப்பாவில்.

வகை வேண்டுமென்றால் தெருக்கடைக்குத்தான் போக வேண்டும். நைஜீரியப் போத்தலுக்குப் பெக்கம் ரை லேன். கரீபியன் வகைகளுக்குப் பிரிக்ஸ்டன் சந்தை. வடக்கே டால்ஸ்டனில் ரிட்லி ரோட் சந்தை. போனி மால்டாவையும் மால்டின் போலாரையும் முன்பு எலிஃபண்ட் அண்ட் காசில் வணிக வளாகத்தில் வாங்கலாம். 2020இல் அதை மூடிய பிறகு அந்த லத்தீன் அமெரிக்கக் கடைகள் சுற்றுவட்டாரத்தில் சிதறிவிட்டன. இன்னும் அந்தப் பக்கத்துத் தெருக்களில் தேடலாம், செவன் சிஸ்டர்ஸ் பக்கமும் போய்ப் பாருங்கள். யூதர் கடைகளுக்குக் கோல்டர்ஸ் கிரீன்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதிகம் பேர் யோசிப்பதில்லை. உங்கள் தெருமுனைத் தமிழ்க் கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் போகிற மொத்தக் கடையில், கேஷ் அண்ட் கேரியில், இந்தப் பெட்டிகள் அடுக்கித்தான் இருக்கும். 24 போத்தல் பெட்டி ஒன்று எடுப்பீர்கள் என்று தெரிந்தால் அடுத்த சுற்றில் கொண்டுவந்து தருவார். நான் அப்படி எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒருவர் கேட்ட சாமானை நாலு பேர் கேட்க ஆரம்பித்தால் கடைக்காரர் தட்டில் அதற்கு நிரந்தர இடம் கொடுத்துவிடுவார். சூப்பர்மால்ட் எங்கள் கடைக்கு வந்ததும் அப்படித்தான்.

பாரிஸ், ஜேர்மனி, சுவிஸ், கனடா?

பாரிஸில் ஷத்தோ ரூஜ் மெட்ரோவில் இறங்குங்கள். லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவிலிருந்து நடந்தே போகலாம். அங்குள்ள ஆப்பிரிக்கச் சந்தைக் கடைகளில் விட்டாமால்ட், மால்டா கின்னஸ் கிடைக்கும்.

ஜேர்மனியில் தேட வேண்டிய அவசியமே இல்லை, எந்தப் பானக் கடையிலும் இருக்கும். போத்தலுக்கு வைப்புப் பணம் கட்ட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். திரும்பப் பாவிக்கிற சாதாரண பியர் போத்தலுக்கு 8 சென்ட், ஒருமுறை பாவித்து எறியும் ரின்னுக்கும் பிளாஸ்டிக் போத்தலுக்கும் 25 சென்ட். போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் காசும் திரும்ப வரும். சுவிஸில் இருப்பவர்கள் எல்லை தாண்டி ஜேர்மனிக்குச் சாமான் வாங்கப் போகிற நாளில் ஒரு பெட்டி ஏற்றிவிடுவது லேசு.

டொரன்டோவில் ஸ்கார்பரோவின் கரீபியன் கடைகளும், எக்ளிண்டன் மேற்கில் லிட்டில் ஜமேக்கா என்று சொல்கிற பகுதியும். லத்தீன் அமெரிக்க வகைகளுக்குக் கென்சிங்டன் மார்க்கெட். அமெரிக்காவில் நியூயோர்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸ் போன்ற இடத்தில் எந்தப் பொடேகாவுக்குள் நுழைந்தாலும் மால்டா இருக்கும். பொடேகா என்றால் தெருமுனைச் சின்னக் கடை. வெனிசுவேலா மால்டின் போலாருக்கு மயாமிக்குப் பக்கத்தில் டொரால். மற்ற மாநிலங்களில் மால்டா கோயாவைத் தேடுங்கள், கோயா நிறுவனத்தின் பயறு ரின்கள் எங்கே இருக்கோ அந்தத் தட்டுக்குப் பக்கத்தில்தான் அதுவும் இருக்கும்.

வளைகுடாவில் வேலை செய்தபோது குடித்தது ஊரில் கிடைக்குமா?

சவூதியிலும் குவைத்திலும் வருடக்கணக்காக வேலை செய்துவிட்டு வந்தவர்கள் கேட்கிற கேள்வி. வெயிலில் வேலை முடிந்து, கடையில் ஐஸ் குளிரில் எடுத்த பார்பிக்கன் போத்தல் அவர்களுக்கு மறக்காது. அதற்குள்ளும் ஒரு வரலாறு இருக்கிறது. பார்பிக்கனைத் தொடங்கியது பிரிட்டனின் பாஸ் மதுவாலை, பிறகு அது சவூதியின் அவுஜான் நிறுவனத்தின் கைக்கு வந்தது. மூஸி சுவிஸின் ஃப்ரிபூர்க் நகரத்தில் கார்டினல் ஆலையில் காய்ச்சி வந்தது. சொந்த நாட்டைவிடச் சவூதியில்தான் அதற்குப் பெயர்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வளைகுடாவில் நீங்கள் குடித்த மாதுளை, அப்பிள், பீச் வாசனைப் போத்தல்கள் மெல்லிய பொன்னிறத்தில், அதிகம் கனமில்லாமல் இருக்கும். மேலே சொன்ன கறுப்பு மால்டா அதுவல்ல. தமிழ்நாட்டில் தேடினால் அந்த மெல்லிய வகைக்கு நெருங்கியவைதான் கிடைக்கும். கிங்ஃபிஷர் ராட்லர் 2018இல் எலுமிச்சை வாசனைகளோடு வந்தது, கூல்பெர்க் என்ற வகையும் உண்டு. இவை மதுக்கடைச் சாமான் இல்லை, டாஸ்மாக்கில் தேட வேண்டாம். சுப்பர்மார்க்கெட்டில், இறக்குமதிச் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள். பட்வைசர் 0.0, ஹைனெக்கன் 0.0 போன்றவை வேறு வகை, அடுத்த பதிலைப் பாருங்கள்.

மலேசியா, சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு வழி லேசு. 'மால்டா' என்ற பெயரிலேயே சின்னப் போத்தலில் வந்த பானத்தை அங்கே வயதானவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் இருக்கும் ஷாண்டியோடு மாற்றி எடுத்துவிட வேண்டாம். ஷாண்டி என்பது பியரோடு எலுமிச்சைச் சோடா கலந்தது, அதில் கொஞ்சம் மது உண்டு.

உண்மையிலேயே மது ஒரு துளியும் இல்லையா?

இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மார்க்கத்துக்காகவோ, குடியை விட்டவர் என்பதாலோ, கர்ப்பம் என்பதாலோ கேட்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாம்.

முதல் வகை, புளிக்கவே விடாத மால்ட் பானம். மது உண்டாகும் படியை அது எட்டுவதே இல்லை. இரண்டாவது வகை, பியராகப் புளிக்கவைத்து, பிறகு குறைந்த அழுத்தத்தில் சூடாக்கியோ நுண்ணிய சவ்வு வழியே வடித்தோ மதுவை எடுத்தது. '0.0' பியர்கள் பலவும் இப்படித்தான். குடித்தால் பியர் ருசி வரும். கறுப்பு மால்டா பியர் ருசி தராது. குடியை விட்ட ஒருவருக்கு அந்த ருசியே பழைய ஞாபகத்தை எழுப்பிவிடலாம். அப்படி யாராவது வீட்டில் இருந்தால் இரண்டாவது வகையைக் கொண்டுபோகாதீர்கள். இதைக் கடையில் நின்றபோது நான் நேரே கண்டிருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

நடுவில் ஒரு வகையும் உண்டு. ஜேர்மன் தயாரிப்புகள் சிலவற்றில் ஈஸ்ட்டைச் சேர்ப்பார்கள், ஆனால் 0 பாகைக்குக் கிட்டிய குளிரில். அந்தக் குளிரில் புளிப்பு கிட்டத்தட்ட நடக்காது, வாசனை மட்டும் ஏறும். அங்கே 0.5 வீதம் வரைக்கும் மதுவில்லாதது என்று எழுதலாம். அமெரிக்காவிலும் 'நொன் ஆல்கஹாலிக்' என்றால் 0.5 வீதத்துக்குக் கீழே. பிரிட்டனில் 'ஆல்கஹோல் ஃப்ரீ' என்பதற்கு 0.05 வீதம்தான் எல்லை. ஒன்றும் இருக்கக் கூடாது என்பவர்கள் எண்ணைப் பார்த்து 0.0 இருப்பதை எடுங்கள், ஹலால் முத்திரை வேண்டுமென்றால் அதையும் தேடுங்கள்.

லாகோஸில் குடித்த ருசி லண்டன் போத்தலில் வரவில்லையே, ஏன்?

இது வெறும் ஏக்கம் இல்லை, காரணம் இருக்கிறது. நைஜீரிய அரசு 1988இல் பார்லி மால்ட் இறக்குமதியைத் தடை செய்தது. ஆலைகள் உள்ளூரில் விளையும் இறுங்குக்கு மாறின (தமிழ்நாட்டில் அதைச் சோளம் என்பார்கள்). பிறகு தடை போனாலும் இறுங்கு போகவில்லை. ஐரோப்பாவில் காய்ச்சுகிற போத்தலில் பார்லிதான் முதல் இடத்தில் நிற்கும். ஒரே பெயர் ஒட்டியிருந்தாலும் தானியம் வேறு, சீனியின் அளவு வேறு, தண்ணீரும் வேறு. நாக்கு பொய் சொல்வதில்லை.

அதனால் பெயரைப் பார்க்கும் முன் 'எங்கே தயாரித்தது' என்ற வரியைப் பாருங்கள். கானாவில் அல்லது நைஜீரியாவில் காய்ச்சி இறக்குமதியானது என்று எழுதியிருந்தால் அதுதான் உங்கள் போத்தல். விலை கூடுதலாக இருக்கும். பிரிட்டனில் 2018 ஏப்ரலில் குளிர்பானங்களுக்குச் சீனி வரி வந்த பிறகு பல பானங்களின் சேர்மானத்தை மாற்றினார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இணையத்தில் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் கனத்தை யோசியுங்கள். 330 மில்லி கண்ணாடிப் போத்தல் 24 என்றால் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் வரும். அனுப்பும் கூலி சாமான் விலையைத் தாண்டிவிடும். ஒருமுறை வேறு ஊரிலிருந்த சொந்தக்காரருக்கு இணையக் கடை ஒன்றில் ஒரு பெட்டி வாங்கி அனுப்பினேன். ஏழு போத்தல் உடைந்து, மிச்சம் பாகில் ஒட்டிப்போய் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு ரின்தான் வாங்குவேன். திகதியையும் கேட்டு வாங்குங்கள். மலிவாகத் தள்ளுகிறார்கள் என்றால் பெரும்பாலும் காலாவதித் திகதி கிட்டியிருக்கும்.

விமானத்தில் கொண்டுபோவதானால் பல விமான நிலையங்களில் கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டிக்குள் துணியில் சுற்றி வையுங்கள்.

சத்துப் பானம் என்கிறார்களே, பிள்ளைகளுக்குத் தினமும் கொடுக்கலாமா?

தினமும் வேண்டாம். 'பி' விட்டமின்கள் சேர்த்த போத்தல்கள் உண்டு, பார்லியிலிருந்தும் கொஞ்சம் வரும். ஆனால் ஒரு போத்தலில் 30 கிராமுக்கு மேல் சீனி இருப்பது சாதாரணம், அது ஏழு தேக்கரண்டிக்கு மேல். விசேஷத்துக்குக் கொடுக்கிற இனிப்பாக நினைத்துக்கொள்ளுங்கள். சலரோகம் உள்ளவர்கள் கோலா மாதிரியே இதையும் கணக்கில் வைக்க வேண்டும். பார்லியில் குளூட்டன் என்ற புரதம் இருப்பதால், அது ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்கள் தொடவே கூடாது. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் ஊறும் என்ற நம்பிக்கை ஜேர்மனியிலும் இருக்கிறது, கரீபியன் வீடுகளிலும் இருக்கிறது. ஆசைக்கு ஒரு கிளாஸ் கொடுங்கள், அதையே மருந்தாக நம்பியிருக்க வேண்டாம்.

எங்குமே கிடைக்கவில்லை. வீட்டில் செய்ய முடியுமா?

கிட்டத்தட்ட அதே ருசிக்கு வரலாம். பாண் போடுகிறவர்களுக்கும் வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களுக்கும் விற்கிற மால்ட் எக்ஸ்ட்ராக்ட் என்ற கெட்டிப் பாகு வேண்டும், கறுப்பு நிறத்தில் இருப்பது நல்லது. இரண்டு மேசைக்கரண்டிப் பாகையும் ஒரு தேக்கரண்டி கித்துள் பாணியையும் அரைக் கோப்பைச் சுடுநீரில் கரையுங்கள். பனையோ கரும்போ எந்தப் பாணியும் சரி. ஹொப்ஸ் பூ கிடைத்தால் இரண்டு மூன்று போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடியுங்கள். அந்தக் கைப்பு இல்லாவிட்டால் வெறும் பாகுத் தண்ணீர் மாதிரித்தான் இருக்கும். நன்றாகக் குளிரவைத்து, குடிக்கும் நேரத்தில் 250 மில்லி சோடா ஊற்றுங்கள்.

செய்ததை மூடிய போத்தலில் வெளியே வைக்காதீர்கள். காற்றில் இருக்கும் ஈஸ்ட் உள்ளே போய்விட்டால் புளித்து மதுவாகும். வாயு கட்டிப் போத்தல் வெடிக்கவும் கூடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

முதல் தடவை குடிக்கப் போகிறேன். எப்படிக் குடிப்பது?

பல் கூசுகிற அளவுக்குக் குளிராக. குளிர் விட்ட மால்ட் பானம் திகட்டும், முதல் தடவை அப்படிக் குடித்துவிட்டு வேண்டாம் என்று போனவர்கள் நிறையப் பேர். அதற்காக உறைபெட்டியில் மறந்துவிடாதீர்கள், போத்தல் வெடிக்கும். வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஹொப்ஸ் சேர்ந்த பானம் வெளிச்சம் பட்டால் நாறும், அதனால்தான் போத்தலே கடும் பழுப்பு நிறத்தில் வருகிறது.

பக்கத்தில் உப்பும் எண்ணெயும் உள்ள ஏதாவது இருக்க வேண்டும். வெனிசுவேலாக்காரர் எம்பனாடாவோடு, அதாவது உள்ளே கறி வைத்துப் பொரித்த பண்டத்தோடு, குடிப்பார்கள். எங்கள் வீட்டில் மீன் ரோல்ஸோடும் கட்லட்டோடும் குடிக்கிறோம், அதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியாது. புவெர்ட்டோ ரிக்கோவிலும் கியூபாவிலும் இதற்குள் ரின்பால் ஊற்றிக் கலக்கிக் கொடுப்பார்கள். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் ரின்பால் போட்ட தேத்தண்ணீரில் வளர்ந்தவர்களுக்கு முதல் மிடறிலேயே பிடித்துப்போகும். கிளாஸில் முதலில் ஐஸ், பிறகு மால்டா, கடைசியாக ஒரு மேசைக்கரண்டி ரின்பால். நுரை பொங்கி வழியும், மெதுவாக ஊற்றுங்கள்.